மலிவு டெலி ஜூம் லென்ஸ்: மங்கலுக்கு யார் காரணம்?

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் வயிற்றில் வெள்ளையாக ‘1000 லிட்டர்’ என்று எழுதியிருக்கும். என் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர். அந்தத் தொட்டியை எடுத்த அளவுக்கு எந்தப் பறவையையும் நான் படம் எடுத்ததில்லை. “எங்கள் தொட்டியில் அப்படி என்ன இருக்கிறது தம்பி?” என்று அந்த வீட்டுப் பெரியவர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

அசையாது, பறக்காது, கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து. லென்ஸைச் சோதிக்க இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் மாடியிலிருந்து தெரியும் ஒரு தொட்டியையோ கடைப் பலகையையோ இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே அடிக்கடி ‘தொட்டியை எடுங்கள்’ என்று சொல்லப்போகிறேன்.

பேச்சு முழுவதும் 70-300, 75-300, 55-250 மி.மீ. என்று விற்கும், தொலைவிலிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் மலிவு ஜூம்களைப் பற்றியது. எண் கூடக் கூட நெருக்கமாகக் காட்டும். கேனனின் 75-300 மூன்றாம் பதிப்பு 1999இல் வந்தது. கிட்டத்தட்ட அதே கண்ணாடி அமைப்பை 2025இல், உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கும் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் அதிர்வுத் தடுப்பு கிடையாது. நிக்கான், டாம்ரான் நிறுவனங்களின் 70-300 லென்ஸ்களும் இந்தக் குடும்பம்தான்.

என்னுடையது கைமாறி வந்த ஒன்று. அதை எடுத்துக்கொண்டு முதல் தடவை வேடந்தாங்கல் போனபோது 400 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் கூழைக்கடா ஒவ்வொன்றும் நனைந்த பஞ்சு மூட்டை. லென்ஸை விற்றுவிடலாம் என்று முடிவுசெய்து, எதற்கும் இருக்கட்டுமென்று மறுநாள் காலை கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்துத் தொட்டியை எடுத்தேன். எழுத்து அச்சடித்ததுபோல் நின்றது. லென்ஸ் மேல் நான் போட்ட பழியில் பாதிக்குமேல் என் கைக்கும் காற்றுக்கும் உரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

எதையும் மாற்றுவதற்கு முன்: மங்கல் எந்த வகை?

படத்தைக் கேமராத் திரையில் முழுதாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கணினியில் 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கல் என்று பொதுவாகச் சொல்வதில் நான்கு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

நீர்த்துளியின் மினுக்கம், கண்ணில் விழும் ஒளிப்புள்ளி போன்றவற்றைத் தேடுங்கள். புள்ளி புள்ளியாக இல்லாமல் சிறு கோடாக இழுபட்டு, படத்திலுள்ள எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், கை ஆடியிருக்கிறது. பறவை மங்கலாக இருந்து, அதற்குப் பின்னாலுள்ள கிளையோ முன்னாலுள்ள புல்லோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. கிளை தெளிவு, உடல் தெளிவு, இறக்கை மட்டும் கரைந்திருந்தால் பறவை அசைந்திருக்கிறது. இழுப்பும் இல்லை, எந்த இடமும் தெளிவாகவும் இல்லை, எல்லாவற்றின் மேலும் மெல்லிய சல்லாத் துணி போர்த்தியதுபோல் இருக்கிறது என்றால்தான் கண்ணாடியையோ காற்றையோ சந்தேகிக்க வேண்டும்.

புள்ளிகள் கோடாக இழுபட்டிருக்கின்றன

பத்துக்கு ஏழு படம் கெடுவது இதனால்தான் என்பது என் சொந்தக் கணக்கு. காரணம் எளியது. ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் (ஒளியைப் பதியும் தகடு) உள்ள கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் பார்க்கும் கோணம் மூலைக்கு மூலை 5 டிகிரிதான். 24 மெகாபிக்சல் சென்சார் என்றால், 20 மீட்டர் தொலைவில் இருக்கும் தொட்டியில் ஒரு பிக்சலுக்கு விழுவது கால் மில்லிமீட்டர். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் உங்கள் பார்வைக்கோடு தொட்டியின் மேல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நான்கு பிக்சல் அழிந்தது. மூச்சு விடும்போதே அதைவிட அதிகம் நகரும்.

பழைய விதி, ஷட்டர் வேகத்தின் கீழ் எண் லென்ஸ் நீளத்துக்கு, அதாவது அதன் மி.மீ. எண்ணுக்கு, குறையக்கூடாது என்கிறது. சிறிய சென்சாரில் அந்த நீளத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆக 300 மி.மீ.க்குக் குறைந்தபட்சம் 1/500 நொடி. அந்த விதி படத்தைச் சிறிதாக அச்சிட்டுப் பார்த்த காலத்துக்குரியது. 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் 1/1000 என்று வைத்துக்கொள்வது நல்லது. கேமராவை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து, ஷட்டர் வேகத்தை நீங்களே தீர்மானிக்கும் முறைக்கு மாற்றி, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) தானியங்கியில் விடுங்கள். உச்ச எல்லை 1600 அல்லது 3200.

“ஐஎஸ்ஓ ஏற்றினால் மணல் மணலாக வருமே” என்பார்கள். வரும். மணலை மென்பொருளில் குறைக்கலாம். இழுபட்ட படத்தை யாராலும் நேராக்க முடியாது. எஃப் எண் லென்ஸின் துளை அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும். நல்ல வெயிலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 400 என்றால் 1/1600 தாராளமாகக் கிடைக்கும். மர நிழலுக்குள் போனால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே வேகம் அங்கேயும் வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ ஏறித்தான் ஆக வேண்டும்.

இனி, பிடிக்கும் விதம். இடது கை லென்ஸுக்குக் கீழே, உள்ளங்கை மேல்நோக்கி, ஏந்துவதுபோல். முழங்கைகள் விலாவோடு. ஷட்டரைக் குத்தாமல், விரலைப் படுக்கவைத்து மெல்ல அழுத்துங்கள். மூன்று நான்கு படங்களைத் தொடராக எடுத்தால் பெரும்பாலும் முதல் படத்தைவிட இரண்டாவதோ மூன்றாவதோ தெளிவாக இருக்கும், ஏனென்றால் அழுத்தும் அசைவு முதல் படத்தோடு முடிந்துவிடுகிறது.

சுவர், கார் ஜன்னல், ஏரிக்கரைக் கம்பி எது கிடைத்தாலும் சாய்ந்துகொள்ளுங்கள். நான் ஒரு பழைய மஞ்சள் பையில் ஒரு கிலோ கொண்டைக்கடலை போட்டு வாயைத் தைத்து வைத்திருக்கிறேன். சுவரில் வைத்து லென்ஸை அதில் அமுக்கினால் பள்ளம் விழுந்து பிடித்துக்கொள்ளும். ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஆடும் ட்ரைபாடை அதன்பிறகு நான் வெளியே எடுக்கவே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையைப் பிரித்துப் பாருங்கள், வண்டு வரும்.

அதிர்வுத் தடுப்பு உள்ள லென்ஸாக இருந்தால், பொத்தானை அழுத்தியவுடன் எடுத்துவிடாமல் அரை அழுத்தத்தில் ஒரு நொடி நில்லுங்கள். வியூஃபைண்டரில் படம் மிதந்து நிலைகொள்வது கண்ணுக்கே தெரியும். அது உங்கள் கையைத்தான் தடுக்கும், பறவையை அல்ல. சிட்டு தலையைத் திருப்பும் வேகத்துக்கு 1/1000தான் மருந்து. பறக்கும் நாரைக்கு 1/1600, பஞ்சுருட்டானுக்கு அதற்கும் மேல்.

ட்ரைபாடில் வைத்தும் ஆடுகிறது

அதிர்வுத் தடுப்பை அணைத்தீர்களா? சில பழைய லென்ஸ்கள் ட்ரைபாடில் இல்லாத அதிர்வைத் தேடித் தாமே ஆட்டிவிடும். அடுத்தது, 300 மி.மீ.க்கு நீட்டினால் இந்த லென்ஸின் கனமெல்லாம் முன்னால் போய்விடும். ட்ரைபாடில் பூட்டும் வளையம் இதற்குக் கிடையாது. கேமராவின் அடிப்பகுதிதான் தாங்குகிறது. ஆகவே நடுக்கம்பத்தை உயர்த்தாதீர்கள், கேமரா வாரைத் தொங்கவிடாதீர்கள், கையால் அழுத்தாமல் 2 நொடி டைமர் வையுங்கள். கடற்கரைக் காற்றில் இவ்வளவும் செய்தும் ஆடும். அப்போது கடலைப் பைதான்.

இழுப்பு இல்லை, ஆனாலும் சல்லாத் துணி போர்த்தியதுபோல் இருக்கிறது

தொட்டியை எடுங்கள். காலை 7 மணிக்கு, வெயில் சூடேறுவதற்கு முன், கேமராவைச் சுவரில் வைத்து, டைமரில். 300 மி.மீ.யில் எஃப்/5.6, எஃப்/8, எஃப்/11 என்று மூன்று. பிறகு 250 மி.மீ.க்கு இறங்கி அதே மூன்று.

அருகருகே வைத்துப் பார்த்தால் லென்ஸின் ஜாதகம் கையில் வந்துவிடும். என்னுடையதில் 300 மி.மீ., எஃப்/5.6 படத்தில் ‘லிட்டர்’ என்ற சொல்லின் புள்ளிகளைச் சுற்றி ஒரு வெளிறிய புகை இருந்தது. எஃப்/8 வைத்தவுடன் புகை போய், எழுத்தின் ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்த இடம்கூடத் தெரிந்தது. எஃப்/11இல் மேலும் ஏதும் கூடவில்லை. 250 மி.மீ.யில் எஃப்/5.6 படமே ஏறக்குறைய 300இன் எஃப்/8 அளவுக்கு இருந்தது.

இந்த வகை லென்ஸ்களில் பெரும்பாலானவற்றின் குணம் இதுதான்: கடைசி 50 மி.மீ.யும் முழுதாய்த் திறந்த அப்பர்ச்சரும் (துளையும்) சேரும் இடத்தில்தான் பலவீனம். எஃப்/8 என்பதைப் பழக்கமாக்குங்கள். வெளிச்சம் போதாதபோது ஜூமைச் சற்று உள்ளிழுத்துக்கொள்ளுங்கள். எஃப்/16, எஃப்/22க்குப் போகாதீர்கள். துளை மிகவும் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து, தெளிவு மறுபடியும் குறையும்.

முன்னால் மாட்டியிருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டும் ஒருமுறை எடுங்கள். கடைக்காரர் பாதுகாப்புக்கு என்று சேர்த்துக் கொடுத்த அந்தக் கண்ணாடியைக் கழற்றியதோடு பிரச்சினை தீர்ந்தவர்கள் உண்டு. கீறலுக்கும் இடிக்கும், லென்ஸின் முன் மாட்டும் குழலான ஹூட் போதுமான காவல். பக்கவாட்டு வெயிலையும் அது தடுக்கும். ஹூட்டைத் திருப்பிப் போட்டபடியே படமெடுப்பவர்களை ஏரிக்கரையில் பார்க்கும்போது போய்ச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு ஒரு தயக்கம் வரும்.

காலையில் தெளிவு, மதியம் கலங்கல்

அதே தொட்டியை மதியம் 1 மணிக்கு, அதே அமைப்பில் எடுத்துப் பாருங்கள். எழுத்து நெளியும். ஐந்து படம் எடுத்தால் ஐந்திலும் ‘1000’இன் பூச்சியங்கள் வெவ்வேறு வடிவத்தில் இருக்கும். இது கானல். சுட்ட தரையிலிருந்து எழும் சூடான காற்றும் மேலிருக்கும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. இதற்கு லென்ஸ் பொறுப்பல்ல. பல லட்ச ரூபாய் லென்ஸிலும் இதே கதிதான்.

ஷட்டர் வேகத்தைக் கூட்டுவது, எஃப் எண்ணை மாற்றுவது எதுவும் உதவாது. சூரியன் எழுந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும், அல்லது இடைவெளியைக் குறைக்க வேண்டும். தார்ச்சாலை, கார் பானெட், மணல்வெளி ஆகியவற்றுக்கு மேலாகப் பார்த்து எடுக்காதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் பத்து மணிக்கு மேல் போய், கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, அக்கரை மரத்து நாரையை எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் திட்டினேன்.

வேறெதுவோ தெளிவாக இருக்கிறது, பறவை இல்லை

கேமரா தானாக ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால், பெரும்பாலும் அருகில் இருப்பதையோ கோடுகள் அழுத்தமாக இருப்பதையோ பிடித்துக்கொள்ளும். புதருக்குள் தையல்சிட்டு இருந்தால் முன்னால் நீட்டிய குச்சிக்குத்தான் மரியாதை. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பறவையின் கண்ணில் வையுங்கள். கவனம் தேவைதான்: 10 மீட்டர் தொலைவில், எஃப்/5.6இல் தெளிவாக இருக்கும் ஆழம் 25 செ.மீ. 5 மீட்டரில் அது 6 செ.மீ.தான். கண்ணுக்கு வைத்துவிட்டு உடம்பை முன்னால் சாய்த்தாலே போய்விடும்.

ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடி நிற்கவே இல்லை என்றால் மூன்றைப் பாருங்கள். ஒன்று, மிக அருகில் நிற்கிறீர்கள். பல 75-300 லென்ஸ்களுக்குக் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும். இரண்டு, வெளிச்சமோ நிற வேறுபாடோ போதவில்லை. கரிச்சானின் கறுப்பு உடம்பில் பிடிக்க ஒன்றுமில்லை, உடலும் வானமும் சந்திக்கும் ஓரத்தில் வையுங்கள். மூன்று, தொலைவிலிருந்து ஓடிவர லென்ஸுக்கு நேரம் போதவில்லை. பறவை வந்து அமரும் கம்பத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். மலிவு லென்ஸின் மோட்டாருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி இந்தக் காத்திருப்புதான்.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் பலவற்றில் தானியங்கி ஃபோகஸ் இயங்கும்போது வளையத்தைக் கையால் திருப்பக்கூடாது. பல் சக்கரம் தேயும். விசையைக் கைமுறைக்கு மாற்றிய பிறகே திருப்புங்கள்.

எப்போதும் ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ தவறுகிறதா? தொட்டியை வியூஃபைண்டர் வழியாக ஒன்று, லைவ் வியூவில், அதாவது பின்புறத் திரையில், பெரிதாக்கி ஃபோகஸ் செய்து ஒன்று எடுங்கள். திரை வழி எடுத்தது மட்டும் ஒவ்வொரு முறையும் தெளிவாக இருந்தால், ஆடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஃபோகஸ் அளவியும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. சர்வீஸில் சரிசெய்வார்கள். மிரர்லெஸ் கேமரா சென்சாரிலேயே அளப்பதால் அதில் இந்தச் சிக்கல் வராது.

ஃபோகஸ் அசையவே இல்லை என்றால் அது வேறு கதை. நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 70-300 ஜி லென்ஸுக்குள்ளும் கிடையாது. இரண்டையும் சேர்த்தால் கைதான் மோட்டார். மறுபக்கம், நிக்கானின் புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி3100, டி5100, டி7000 போன்ற பழைய உடல்களில் வேலை செய்யாது. பழைய சாமான் வாங்கும்போது கடையிலேயே மாட்டிப் பாருங்கள். மாட்டியதும் கேமரா பிழை எண் காட்டினால், உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் இருபக்கத்து உலோகத் தொடுமுனைகளையும் துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

கொக்கு வெள்ளைக் காகிதமாக வந்திருக்கிறது

இறகே தெரியாத கொக்கை மங்கல் என்று தவறாக நினைக்கிறோம். உண்மையில் வெளிச்சம் வழிந்துவிட்டது. சுற்றிலும் கரும்பச்சை மரங்கள் இருக்க, கேமரா அவற்றுக்கேற்ப ஒளியைக் கூட்டுகிறது. நடுவிலிருக்கும் வெள்ளைக் கொக்கு எரிந்துவிடுகிறது. பிளஸ்-மைனஸ் பொத்தானில் மைனஸ் 1 வையுங்கள். வெளிறிய இடங்கள் கண்சிமிட்டும் வசதியைத் திரையில் போட்டுக்கொண்டால் கொக்கின் முதுகு சிமிட்டுவது நின்றவுடன் சரியான அளவு. வெளிர்வானத்தில் பறக்கும் பருந்துக்கு நேர்மாறு: பிளஸ் 1, சில சமயம் ஒன்றரை. நிலவும் இந்தக் கொக்கின் தங்கைதான். இரவு என்று கேமரா நினைத்துக்கொண்டு அதை வெள்ளைத் தட்டாக்குகிறது. எஃப்/8, 1/250, ஐஎஸ்ஓ 200இல் தொடங்குங்கள். முழு நிலவைவிடப் பாதி நிலவில் பள்ளங்கள் நன்றாகத் தெரியும்.

கிளைகளின் ஓரத்தில் ஊதாக் கோடு

வெள்ளை வானத்தின் முன் கருங்கிளை என்றால் மலிவு லென்ஸில் இது வரும். டாம்ரானின் 70-300 மேக்ரோ லென்ஸ் இதற்குப் பெயர் போனது. அதே லென்ஸ் பட்டாம்பூச்சியைப் பாதி அளவுக்கு எடுத்துக் கொடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஃப்/8 வைத்தால் குறையும். சட்டகத்தின் மூலைகளில் மட்டும் சிவப்பும் நீலமுமாக வந்தால் அது எஃப் எண்ணால் போகாது, மென்பொருளில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் போகும். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் போதும். கேமரா மெருகேற்றாத ரா கோப்பாக எடுத்திருந்தால் இன்னும் சுலபம்.

எல்லாம் சரி, பறவைதான் சிறியது

இதற்கு அமைப்பு எதுவும் இல்லை. 15 செ.மீ. சிட்டு 20 மீட்டரில் இருந்தால் 6000 பிக்சல் அகலப் படத்தில் அதற்குக் கிடைப்பது 600. அதைத்தான் வெட்டிப் பெரிதாக்குகிறோம். 10 மீட்டருக்குப் போனால் 1200. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி நீளத்தைப் பெருக்கும் டெலிகன்வெர்ட்டர் வாங்க நினைக்காதீர்கள். இரண்டு மடங்கு கன்வெர்ட்டர் எஃப்/5.6ஐ எஃப்/11 ஆக்கிவிடும், ஃபோகஸ் பெரும்பாலும் நின்றுவிடும். அந்தப் பணத்தில் மங்கிய பச்சைச் சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, நேராகப் போகாமல் சாய்வாக நெருங்குங்கள். கூடு இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

சில்லறைக் கோளாறுகள்

லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் ஜூம் தானே வழுக்குகிறதா? அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை, நகரும் பகுதியும் நகராத பகுதியும் சேரும் இடத்தில் போடுங்கள். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால் வானம் படத்துக்குப் படம் மாறுகிறதா? சில மலிவு லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கமே சுழலும். ஃபோகஸ் முடித்த பிறகு ஃபில்டரைத் திருப்புங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி, எஃப் எண் கூடக் கூட அழுத்தமாகிறது என்றால் அது சென்சாரின் தூசி.

ஒளி-நிழல் மாறுபாடே இல்லை, வெயிலுக்கு எதிராக எடுத்தால் பால் ஊற்றியதுபோல் இருக்கிறது

கைப்பேசி டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. சென்னைப் புழுக்கத்தில், அலமாரிக்குள் தோல் பையில் மூடி வைத்த லென்ஸுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒன்றிரண்டு இழைகள் படத்தில் தெரியாது. பரவியிருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலி பல சமயம் லென்ஸின் விலையைத் தொட்டுவிடும். வாங்குவதற்கு முன் அடிக்க வேண்டிய டார்ச் இது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி பாருங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டால் கண்ணாடியில் வியர்க்காது.

ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கல்

இது உண்மையிலேயே லென்ஸின் குற்றமாக இருக்கலாம், உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருந்தால். செய்தித்தாளின் இரண்டு பக்கங்களை விரித்துச் சுவரில் ஒட்டி, நேரெதிரே நின்று, எஃப்/5.6இல் எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மறுபடியும் எடுங்கள். இரண்டு படத்திலும் மங்கல் சட்டகத்தின் அதே பக்கத்தில் இருந்தால் லென்ஸ். செய்தித்தாளின் அதே பத்தியில் இருந்தால் நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை. லென்ஸ் என்று உறுதியாகி, உத்தரவாதக் காலமும் மீதி இருந்தால், இரண்டு படங்களையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். “டெலி லென்ஸ் என்றால் அப்படித்தான் சார்” என்று சொல்வார்கள். தலைகீழ்ப் படத்தை முதலில் காட்டுங்கள்.